ஆங்கில மரபுத்தொடருக்குத் தமிழ் ஜோடி

ஆங்கில மரபுத்தொடரை நோட்டில் எழுதும்போது பக்கத்தில் அர்த்தத்தை எழுதாமல், அதே சந்தர்ப்பத்தில் நாம் சொல்லும் தமிழ்த் தொடரை எழுதுங்கள். 'கேரியிங் கோல்ஸ் டு நியூகாஸில்' என்றால் கொல்லன் தெருவில் ஊசி விற்பது. நியூகாஸில் ஒரு காலத்தில் நிலக்கரிக்குப் பேர்போன இங்கிலாந்து ஊர். கிருஷ்ணகிரிக்கு மாம்பழம் சுமந்துபோவது மாதிரி என்றால் எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்குச் சட்டென்று புரியும். எப்போது சொல்வோம் என்பது தமிழ்த் தொடரோடு ஏற்கெனவே மனதில் இருப்பதால் தனியாக மனப்பாடம் வேண்டாம். 'ஒன்ஸ் இன் எ ப்ளூ மூன்' என்றால் அத்தி பூத்தாற்போல, அவ்வளவுதான்.

ஆனால் வார்த்தை ஒத்துப்போகிறதே என்று ஜோடி சேர்த்துவிடாதீர்கள். 'புல்லிங் மை லெக்' விளையாட்டுக் கிண்டல். நம் 'காலை வாருவது' துரோகம். 'எலிஃபண்ட் இன் த ரூம்' போல ஜோடியே அமையாததற்கு, எல்லாருக்கும் தெரிந்தும் யாரும் வாய் திறக்காத பிரச்சினை என்று அர்த்தத்தையே எழுதிக்கொள்ளுங்கள்.