தேர்தல் முடிவைக் கணக்கிட்டு வாசிப்பது எப்படி: மலேசியா 2013

ஆளுங்கட்சி ஆட்சியைத் தக்கவைத்தது என்ற தலைப்புச் செய்தியோடு நின்றுவிடாமல், எதன் பலத்தில் தக்கவைத்தது என்பதைத் தொடக்கநிலை வாசகரும் தாமே கணக்கிட்டு அறியலாம். அதற்குப் பயிற்சியாக, 2013 மே 5 அன்று நடந்த மலேசியாவின் 13ஆவது பொதுத்தேர்தலை எடுத்துக்கொள்வோம். ஒரு தாளும் கால்குலேட்டரும் போதும்.

படி 1: இடங்களைக் குறித்துக்கொள்ளுங்கள்

மக்களவையில் மொத்தம் 222 இடங்கள். ஆட்சியமைக்க 112 வேண்டும். அப்போதைய பிரதமர் நஜிப் ரசாக்கின் தேசிய முன்னணி 133 இடங்களையும், அன்வார் இப்ராகிம் வழிநடத்திய மக்கள் கூட்டணி 89 இடங்களையும் பெற்றன. 2008இல் இவை முறையே 140, 82 ஆக இருந்தன. அருகில் 148 என்ற எண்ணையும் எழுதுங்கள். அது மூன்றில் இரண்டு பங்கு. 2008இல் முன்னணியின் கையை விட்டுப்போன அந்தப் பெரும்பான்மை 2013இலும் திரும்பவில்லை.

படி 2: வாக்கு விகிதத்தை எதிரே வையுங்கள்

முன்னணிக்கு 47.38 விழுக்காடு, கூட்டணிக்கு 50.87 விழுக்காடு. அதாவது, குறைவான வாக்குகளைப் பெற்ற அணி ஏறத்தாழ 60 விழுக்காடு இடங்களைப் பெற்றது. வாக்களிப்பு 84.84 விழுக்காடு என்பதால், மக்கள் ஒதுங்கியிருந்ததால் வந்த முடிவு என்றும் இதைத் தள்ளிவிட முடியாது.

படி 3: ஓர் இடத்துக்கு எத்தனை வாக்கு?

முன்னணியின் சுமார் 52 லட்சத்து 37 ஆயிரம் வாக்குகளை 133ஆல் வகுத்தால் ஓர் இடத்துக்கு 39 ஆயிரத்துச் சொச்சம் வரும். கூட்டணியின் சுமார் 56 லட்சத்து 23 ஆயிரத்தை 89ஆல் வகுத்தால் 63 ஆயிரத்தைத் தாண்டும். என் பார்வையில் இந்தத் தேர்தலை விளக்கும் எண்கள் இவ்விரண்டுமே.

படி 4: தொகுதிகளின் அளவை ஒப்பிடுங்கள்

இங்கே சற்று நிதானிக்க வேண்டும். முன்னணி வென்ற புத்ராஜெயாவில் 15,791 வாக்காளர்கள், மக்கள் கூட்டணியின் உறுப்புக் கட்சியான பி.கே.ஆர். சார்பில் மணிவண்ணன் வென்ற காப்பாரில் 1,44,159 வாக்காளர்கள். இரண்டுக்கும் நாடாளுமன்றத்தில் ஒரே ஓர் உறுப்பினர்தான். பரப்பளவைக் கருதி ஊரகத் தொகுதிகளில் வாக்காளர் எண்ணிக்கை குறைவாக இருக்க அரசியல் சட்டமே இடம் தருகிறது. ஆனால் நிர்வாகத் தலைநகரான புத்ராஜெயாவுக்கு அந்த நியாயம் சற்றும் பொருந்தாது. அதேவேளை, வேறுபாடு முழுவதையும் தொகுதி எல்லைகளின் மீது சுமத்துவதும் பிழை. எதிரணி நகரங்களில் மிகப்பெரிய வாக்கு வித்தியாசங்களில் வென்றது. வெற்றிக்குத் தேவையானதற்கு மேல் ஒரே தொகுதியில் குவியும் வாக்குகள் வேறொரு தொகுதியில் உதவுவதில்லை. விரலில் இட்ட அழியா மை அழிந்தது போன்ற புகார்களை இந்தக் கணக்கு மெய்ப்பிக்கவும் செய்யாது, மறுக்கவும் செய்யாது. அவற்றுக்குத் தனிச் சான்று வேண்டும்.

படி 5: நிலப்பகுதிகளாகப் பிரியுங்கள்

தீபகற்ப மலேசியாவின் 165 இடங்களில் முன்னணிக்கு 85, கூட்டணிக்கு 80; ஏறக்குறைய சமநிலை. கடலுக்கு அப்பால் உள்ள சபா, சரவாக், லாபுவான் ஆகியவற்றின் 57 இடங்களிலோ முன்னணிக்கு 48. தீபகற்பத்தில் 80 பெற்ற கூட்டணி ஆட்சியைப் பிடிக்க, கடலுக்கு அப்பால் இன்னும் 32 இடங்கள் தேவைப்பட்டன, கிடைத்தவை 9.