புறப்படும்போது வழி தவறாமல் இருக்க

விமானத்தின் வலது இருக்கைக்கு, அதாவது துணை விமானியாக, புதிதாக வரும் பிள்ளைகளிடம் நான் முதலில் சொல்வது இதுதான்: மேலே போனதும் தெரியவரும் தவறை நாம் பெரும்பாலும் தரையிலேயே செய்து முடித்திருப்போம்.

விமானம் நிற்கும் இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகையை வழிகாட்டும் கணினியில் போடுவதிலிருந்து தொடங்குங்கள். 2015 மார்ச்சில் சிட்னியில் ஒரு ஏ330 விமானத்தில் 151 டிகிரி 9.8 என்று போட வேண்டிய தீர்க்கரேகை 15 டிகிரி 19.8 என்று பதிவாகிவிட்டது. கணினியின் கணக்கில் விமானம் 11,000 கிலோமீட்டருக்கு அப்பால் நின்றது. புறப்பட்டதும் தவறான பக்கம் திரும்பியது. கோலாலம்பூர் போக வேண்டியவர்கள் மெல்பர்னில் இறங்கினார்கள். எண்களைத் தட்டியதும் வரைபடத் திரையைப் பாருங்கள். விமானத்தின் குறி நீங்கள் நிற்கும் நிலையத்தின் மேல் இருக்க வேண்டும்.

அடுத்து புறப்பாட்டு வழி, அதாவது மேலே ஏறியதும் போக வேண்டிய பாதை. ஒருவர் அந்த வழியின் வரைபடமான சார்ட்டைப் பார்த்து வாசிக்க, மற்றவர் கணினியில் சரிபார்க்க வேண்டும். இருவரும் ஒரே திரையைப் பார்த்தால் அது சரிபார்ப்பே இல்லை.

ஓடுபாதை கடைசி நேரத்தில் மாறும்போதுதான் எனக்கு இன்றும் பயம். ஒருமுறை டாக்சி செய்துகொண்டிருக்கும்போது, அதாவது ஓடுபாதையை நோக்கித் தரையில் உருண்டுகொண்டிருக்கும்போது, மாற்றினார்கள். உருண்டுகொண்டே புதிய ஓடுபாதையைத் தேர்ந்தெடுத்தேன். பழைய புறப்பாட்டு வழி அதோடு அழிந்துபோனதைக் கவனிக்கவில்லை. மேலே ஏறியதும் வலப்பக்கம் திரும்ப வேண்டிய விமானம் நேராகவே போனது. "உங்கள் ஹெட்டிங் (போகும் திசை) என்ன?" என்று ரேடாரில் இருந்த கட்டுப்பாட்டாளர் கேட்ட குரல் இன்னும் காதில் இருக்கிறது. பக்கத்து ஓடுபாதையிலிருந்து இன்னொரு விமானம் ஏறிக்கொண்டிருந்தது. அன்றிலிருந்து ஓடுபாதை மாறினால் விமானத்தை நிறுத்தி பார்க்கிங் பிரேக் போட்டுவிடுவேன். "இரண்டு நிமிடம் வேண்டும்" என்று கட்டுப்பாட்டு டவரிடம் கேட்பதில் கூச்சமே வேண்டாம். எல்லாவற்றையும் முதலிலிருந்து வாசியுங்கள்.

அப்புறம், ஓடுபாதையில் நேராக நின்றதும் ஒரு கடைசி வேலை. ஓடுபாதை எண் என்பது திசைதான். 22 என்றால் ஏறத்தாழ 220 டிகிரி. 2006 ஆகஸ்ட் 27, விடியும் முன், அமெரிக்காவின் லெக்சிங்டனில் ஒரு விமானம் 22-க்குப் பதிலாக 26-இல் ஓடியது. விளக்கு எரியாத, 3,500 அடி மட்டுமே நீளமுள்ள பாதை அது. 49 பேர் இறந்தார்கள். இரண்டு பாதைக்கும் சுமார் 40 டிகிரி வித்தியாசம்; திசைகாட்டி அதைக் காட்டிக்கொண்டுதான் இருந்திருக்கும்.

தரையில் எழுதியிருக்கும் எண்ணையும் திசைகாட்டியையும் பார்த்து இருவரும் வாய்விட்டுச் சொல்லுங்கள். ஒத்துப்போகாவிட்டால் எஞ்சின் வேகத்தைக் கூட்டும் த்ரஸ்ட் லீவரைத் தொடாதீர்கள்.