கேமரா வாங்கும் முன் போனில் உள்ள படங்களை எண்ணுங்கள்

"எந்த கேமரா வாங்கலாம்?" என்று யாராவது கேட்டால் நான் உடனே ஒரு மாடல் பெயரைச் சொல்வதில்லை. போனைத் திறந்து கடைசியாக எடுத்த 200 படங்களைக் காட்டச் சொல்வேன். கேள்வியைத் தட்டிக்கழிக்கிறேன் என்று சிலர் நினைப்பார்கள், ஆனால் அவர்களுக்கான பதில் அந்தப் படங்களில்தான் இருக்கிறது. எந்த லென்ஸ் வேண்டும் என்பது முதலில் தெரிய வேண்டும், அந்த லென்ஸுக்கு ஏற்ற கேமராவை அப்புறம் தேடலாம். பெரும்பாலானவர்கள் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள், நானும் முதல் முறை அப்படித்தான் செய்தேன். அதனால் வரிசையாகவே போவோம்.

படி 1: எண்ணிப் பாருங்கள்

ஒரு தாளை எடுத்து வீட்டுக்குள் எடுத்த மனிதர்கள், வெளியில் எடுத்த மனிதர்கள், தெரு, கட்டடம், நிலக்காட்சி, செடி பூ, பறவை விலங்கு, விளையாட்டு என்று எழுதிக்கொண்டு, படத்துக்கு ஒரு கோடு போடுங்கள். எடுக்க ஆசைப்படும் படங்கள் கணக்கில் வராது, உண்மையிலேயே எடுத்தவை மட்டும்தான். பறவைகளைப் படம் பிடிக்கும் ஆசை யாருக்கும் வரும். ஆனால் 200-ல் 140 படங்கள் வீட்டு மனிதர்கள் என்றால் உங்களுக்கு வேண்டியது நீளமான லென்ஸ் இல்லை, மங்கிய வெளிச்சத்திலும் முகத்தைத் தெளிவாகப் பிடிக்கும் ஒரு சின்ன லென்ஸ்.

அடுத்து, கெட்டுப்போன படங்கள் எதனால் கெட்டன என்று பாருங்கள். குழந்தை அசைந்ததால் கலங்கியதா, இரவில் புள்ளி புள்ளியாக வந்ததா, தூரத்தில் இருந்ததை இரண்டு விரலால் இழுத்துப் பெரிதாக்கியதில் உருக்குலைந்ததா, அறைக்குள் எல்லோரையும் அடக்க முடியாமல் உங்கள் முதுகு சுவரில் முட்டியதா? முதல் இரண்டும் வெளிச்சம் போதாததால் வருபவை, மூன்றாவதற்கு நீளமான லென்ஸ் வேண்டும், நான்காவதற்கு அகலமான லென்ஸ். ஒரு குறையும் தெரியவில்லை என்றால் உங்களுக்கு இப்போது கேமரா தேவையில்லை, போனே போதும். இதை மனசாரச் சொல்கிறேன்.

படி 2: ஒரு லிட்டர் தண்ணீரைச் சுமந்து பாருங்கள்

ஒரு லிட்டர் தண்ணீரின் எடை ஒரு கிலோ. பாட்டிலை நிரப்பித் தோள்பையில் போட்டு, வழக்கமாகப் போகும் இடங்களுக்கெல்லாம் இரண்டு நாள் தூக்கிக்கொண்டு போய் வாருங்கள். பெரிய வகையான ஃபுல் ஃப்ரேம் கேமராவும் (இந்தப் பெயர்களுக்கான விளக்கம் அடுத்த படியில்) அதில் நிறைய வெளிச்சம் விடும் ஒரு நல்ல எஃப் 2.8 ஜூம் லென்ஸும் சேர்ந்தால் ஒன்றரை கிலோவை நெருங்கும். சின்ன ஏபிஎஸ்-சி கேமராவில் ஒரு சின்ன ப்ரைம் லென்ஸ், அதாவது ஜூம் இல்லாத லென்ஸ், மாட்டினால் அரை கிலோவுக்குச் சற்று மேலே இருக்கும், அவ்வளவுதான். நான் ஆசை ஆசையாக வாங்கிய ஒரு கனமான ஜூம் லென்ஸ் அலமாரியில்தான் அதிக நாள் இருந்தது. அது எடுத்த படங்கள் அருமையாகத்தான் இருந்தன, ஆனால் சாதாரண நாளில் அதைத் தூக்கிக்கொண்டு வெளியே கிளம்ப மனசு வரவில்லை. அன்றாடப் படம் எடுக்கிறவருக்கு எடை ஒரு பெரிய விஷயம், இதைக் கடைசியில் யோசிக்காதீர்கள்.

படி 3: சென்சார் அளவு

சென்சார் என்பது கேமராவுக்குள் படத்தைப் பதியும் சில்லு. அது பெரிதானால் அதில் விழும் மொத்த வெளிச்சம் கூடும், இரவுப் படம் சுத்தமாக வரும், பின்னணியை மங்கலாக்குவதும் எளிது. கூடவே லென்ஸும் பெரிதாகும், செலவும் ஏறும். ஃபுல் ஃப்ரேம் என்பது 36க்கு 24 மிமீ, பழைய ஃபிலிம் ரோலில் இருந்த அதே அளவு. ஏபிஎஸ்-சி ஏறத்தாழ 23.5க்கு 15.6 மிமீ, கேனானில் இன்னும் கொஞ்சம் சிறியது. மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ் 17.3க்கு 13 மிமீ. பாக்கெட் கேமராக்களில் வரும் 1 இன்ச் சென்சார் 13.2க்கு 8.8 மிமீ. பெயரில் இன்ச் இருந்தாலும் அதன் எந்தப் பக்கமும் ஒரு இன்ச் கிடையாது. பழைய வீடியோ கேமராக் குழாய்களின் அளவுப் பெயர் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான்.

புதிதாகத் தொடங்குகிறவருக்கு என் பரிந்துரை ஏபிஎஸ்-சி. எடையும் செலவும் தரமும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகிற இடம் அதுதான். நிறைய நடப்பவர், பயணம் போகிறவர் மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸையும் பார்க்கலாம். ஃபுல் ஃப்ரேம் வேண்டாம் என்று சொல்லமாட்டேன், ஆனால் அதை வாங்கிவிட்டு லென்ஸுக்குப் பணம் இல்லாமல் நிற்பதைவிட, ஏபிஎஸ்-சி வாங்கி நல்ல லென்ஸ் போடுவது எவ்வளவோ மேல்.

மெகாபிக்சலைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். 24 மெகாபிக்சல் என்றால் படம் 6000க்கு 4000 புள்ளிகள். ஒரு இன்ச்சுக்கு 300 புள்ளி என்ற அச்சுக் கணக்கில் 20 இன்ச் அகலத்துக்குப் போடலாம். 4கே திரை முழுதையும் நிரப்ப 8.3 மெகாபிக்சல் போதும்.

படி 4: லென்ஸ், இங்கே நிதானமாக நில்லுங்கள்

லென்ஸில் இரண்டு எண்கள் எழுதியிருக்கும். மிமீ-யில் இருப்பது குவியத் தூரம். எண் சிறிதானால் அகலமாகத் தெரியும், பெரிதானால் தூரத்தில் உள்ளது கிட்டே வரும். ஃபுல் ஃப்ரேமில் 24 மிமீ லென்ஸ் மூலைக்கு மூலை 84 டிகிரி பார்க்கும், 50 மிமீ சுமார் 47 டிகிரி, 200 மிமீ வெறும் 12 டிகிரி. சென்சார் சின்னதானால் இதே லென்ஸ் இன்னும் குறுகலாகப் பார்க்கும், ஏபிஎஸ்-சி என்றால் மிமீ எண்ணை 1.5 ஆல் பெருக்குங்கள், கேனானின் ஏபிஎஸ்-சி என்றால் 1.6, மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ் என்றால் 2. ஊரே புகழ்கிறது என்று 50 மிமீ லென்ஸை வாங்கி ஏபிஎஸ்-சி கேமராவில் மாட்டினால் அது 75 மிமீ போல நடந்துகொள்ளும், ஒருவரின் முகத்துக்கு அருமை, சின்ன அறைக்குள் நான்கு பேரை எடுக்கப் போனால் கதவைத் தாண்டிப் பின்னால் போக வேண்டியிருக்கும். அந்த அறைக்கு 35 மிமீ கொஞ்சம் பரவாயில்லை, 23 அல்லது 24 மிமீ இன்னும் வசதி.

இரண்டாவது எண்தான் எஃப் எண், அதாவது அபெர்ச்சர், லென்ஸுக்குள் இருக்கும் துளையின் அளவு. எண் சிறிதானால் துளை பெரிது. புதியவர்களைக் குழப்புவது இதுதான், ஒரு சம்பவத்தோடு சொல்கிறேன். ஒரு நாள் இருட்டும் நேரம், விளக்கு இன்னும் போடவில்லை, ஜன்னலோரம் உட்கார்ந்து ஒரு குழந்தை காகிதத்தில் கிறுக்கிக்கொண்டிருந்தது. கேமராவோடு வந்த 18-55 மிமீ கிட் லென்ஸை 55-க்கு நீட்டினேன், அங்கே அதன் துளை எஃப் 5.6-க்கு மேல் திறக்காது. ஐஎஸ்ஓ-வை, அதாவது வெளிச்சத்துக்கான உணர்திறனை, 6400 வரை ஏற்றியும் ஷட்டர் வேகம், அதாவது படம் பதியும் நேரம், நொடியில் 30-ல் ஒரு பங்குதான் கிடைத்தது. பத்துப் படம் எடுத்தேன். முகம், தலைமுடி, ஜன்னல் கம்பி எல்லாம் துல்லியம், பென்சில் பிடித்த கை மட்டும் பத்திலும் புகை. லென்ஸைக் கழற்றி 35 மிமீ எஃப் 1.8-ஐ மாட்டிக்கொண்டு இரண்டு அடி முன்னால் போனேன். அதே இடம், அதே வெளிச்சம், அதே ஐஎஸ்ஓ. 5.6-ஐ 1.8 ஆல் வகுத்து வர்க்கம் எடுத்தால் கிட்டத்தட்ட 10 வரும், அத்தனை மடங்கு வெளிச்சம் உள்ளே வந்தது. வேகம் 250-ல் ஒரு பங்கைத் தாண்டியது. கை நின்றது, பென்சில் முனை தெரிந்தது, நகத்தில் ஒட்டியிருந்த வண்ணம்கூடத் தெரிந்தது. கேமரா மாறவே இல்லை என்பதைக் கவனியுங்கள்.

கிட் லென்ஸில் நடுக்கத்தைக் குறைக்கும் வசதி இருக்கிறதே என்று கேட்பீர்கள். அது உங்கள் கை நடுக்கத்தை மட்டுமே சரிசெய்யும், எதிரே அசைகிற கையை நிறுத்தாது. அதற்கு ஷட்டர் வேகம்தான் வேண்டும், வேகத்துக்கு வெளிச்சம் வேண்டும்.

அதற்காகக் கிட் லென்ஸை ஒதுக்காதீர்கள், அதுதான் உங்கள் அளவுகோல். ஒரு மாதம் அதை மட்டும் வைத்து எடுங்கள். ஒவ்வொரு படத்தின் விவரப் பக்கத்திலும் எந்த மிமீ-யில் எடுத்தது என்று பதிவாகியிருக்கும். மாதம் முடிந்ததும் அந்த எண்களைக் குறித்துப் பாருங்கள், பாதிக்கு மேல் ஒரே பக்கம் குவிந்திருக்கும். 18-லேயே நிற்கிறது என்றால் அகல லென்ஸ், 23-லிருந்து 35-க்குள் என்றால் அந்த அளவில் ஒரு ப்ரைம், எப்போதும் 55-ல் முட்டிக்கொண்டு இன்னும் கிட்டே போகத் தவித்தால் 55-200 போல ஒன்று. ஜூம் இல்லாத ஒரே லென்ஸோடு காலம் தள்ள முடியுமா என்ற பயம் வேண்டாம், பிரெஞ்சுப் புகைப்படக் கலைஞர் ஹென்றி கார்த்தியே-ப்ரெஸ்ஸோன் தன் வாழ்நாள் படங்களில் பெரும்பாலானவற்றை 50 மிமீ லென்ஸில்தான் எடுத்தார்.

படி 5: மவுண்ட்

லென்ஸும் கேமராவும் சேரும் அந்த உலோக வளையம்தான் மவுண்ட். கேமராவைச் சில வருடங்களில் மாற்றிவிடுவோம், லென்ஸ்கள் கூடவே இருக்கும், அதனால் உண்மையில் நீங்கள் தேர்ந்தெடுப்பது மவுண்டைத்தான். உள்ளே கண்ணாடி இல்லாத இன்றைய மிரர்லெஸ் கேமராக்களில் சோனியின் ஈ மவுண்ட் 2010-லும், ஃபியூஜிஃபில்மின் எக்ஸ் 2012-லும், கேனானின் ஆர்எஃப், நிக்கானின் இசட் இரண்டும் 2018-லும் வந்தவை. முதலில் வந்ததால் சோனிக்குப் பிற நிறுவன லென்ஸ்கள் ஏராளம். ஆர்எஃப் மவுண்டில் சிக்மா, டாம்ரான் நிறுவனங்களின் ஏபிஎஸ்-சி லென்ஸ்கள் 2024-ல்தான் வரத் தொடங்கின. ஆகவே ஒரு கேமரா பிடித்துவிட்டால் உடனே வாங்காமல், மாதப் பயிற்சியில் உங்களுக்கு வந்த மிமீ-யில், எஃப் 2-க்குக் குறைவான எண்ணில், கட்டுப்படியாகும் செலவில் அந்த மவுண்டுக்கு லென்ஸ் இருக்கிறதா என்று முதலில் தேடுங்கள். மாதப் பயிற்சிக்குக் கையில் கேமரா இல்லையே என்றால் யாரிடமாவது இரவல் வாங்குங்கள், அல்லது முதல் படியின் கணக்கையே வைத்துக்கொள்ளுங்கள்.

செலவைக் குறைக்க நினைப்பவர்களுக்குப் பழைய டிஎஸ்எல்ஆர், அதாவது உள்ளே கண்ணாடி வைத்த கேமரா, நல்ல வழி. கேனானின் ஈஎஃப் மவுண்ட் 1987-லிருந்தும் நிக்கானின் எஃப் மவுண்ட் 1959-லிருந்தும் இருப்பதால் பழைய லென்ஸ்கள் குவிந்து கிடக்கின்றன. ஒரு எச்சரிக்கை: நிக்கானின் பழைய ஏஎஃப்-டி லென்ஸ்களுக்குள் மோட்டார் கிடையாது, டி3000, டி5000 வரிசை கேமராக்களில் மாட்டினால் கையால்தான் ஃபோகஸ் செய்ய வேண்டும்.

படி 6: கையில் பிடித்துப் பாருங்கள்

சுண்டுவிரல் கீழே தொங்குகிறதா, கண்ணாடி அணிபவர் என்றால் கண்ணை வைத்துப் பார்க்கும் வியூஃபைண்டரின் நான்கு மூலையும் தெரிகிறதா, பார்வையை எடுக்காமலே ஐஎஸ்ஓ-வை மாற்ற முடிகிறதா என்று பாருங்கள். உங்கள் மெமரி கார்டைக் கடைக்குக் கொண்டுபோய் இருட்டான மூலையில் சில படங்கள் எடுத்து, வீட்டுக்கு வந்து பெரிய திரையில் பாருங்கள்.

பழையது வாங்குகிறவர்கள் டார்ச் இல்லாமல் போகாதீர்கள். ஒரு முறை நான் வாங்கிய பழைய லென்ஸ் பகல் வெளிச்சத்தில் பளிங்கு போல இருந்தது, இரவில் பின்பக்கத்திலிருந்து டார்ச் அடித்தபோதுதான் உள் கண்ணாடியின் ஓரத்தில் சிலந்தி வலை மாதிரி பூஞ்சை படர்ந்திருந்தது தெரிந்தது. விற்றவர் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. அதனால் டார்ச், அப்புறம் துளையின் தகடுகளில் எண்ணெய்க் கசிவு இருக்கிறதா என்ற சோதனை, பிறகு எஃப் 16-ல் வெள்ளைச் சுவரை ஒரு படம், அதில் கரும்புள்ளிகள் இருந்தால் சென்சாரில் தூசு. ஷட்டர் எத்தனை முறை இயங்கியது என்ற எண்ணிக்கையையும் கேளுங்கள்.

கூடுதலாக ஒரு பேட்டரியும் நம்பகமான இரண்டு கார்டுகளும் போதும். மற்ற சாமான்களைத் தேவை வரும்போது பார்த்துக்கொள்ளலாம்.

படி 7: முதல் நாள்

கேமராவை அபெர்ச்சர் முறையில் வையுங்கள், டயலில் ஏ அல்லது ஏவி என்று இருக்கும். ஐஎஸ்ஓ-வைத் தானியங்கியில் விட்டு, குறைந்தபட்ச ஷட்டர் வேகத்தை 125-ல் ஒரு பங்காக அமையுங்கள், சின்னப் பிள்ளைகள் இருக்கும் வீடு என்றால் 250-ல் ஒரு பங்கு. கண்ணைத் தேடிப் பிடிக்கும் ஃபோகஸ் வசதி இருந்தால் அதையும் போட்டுக்கொள்ளுங்கள். ரா (கேமரா மெருகேற்றாத மூலக் கோப்பு), ஜேபெக் (வழக்கமான படக் கோப்பு) இரண்டும் சேர்ந்தே பதிவாகட்டும். பிறகு மாலை ஐந்தரை மணிக்கு, விளக்கைப் போடாமல், வீட்டில் ஒருவரை ஜன்னல் பக்கம் உட்கார வைத்து, வெளிச்சம் அவர் கன்னத்தில் பக்கவாட்டில் விழும்படி நீங்கள் நகர்ந்து நின்று, துளையை முழுசாகத் திறந்து எடுங்கள்.