உப்புக் காற்றில் மின்சார கூபே: புதிதாக வாங்கியவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தேவிபட்டினம், மண்டபம், கீழக்கரை, ஏர்வாடி என்று எங்கள் கடற்கரை முழுவதும் பின்பக்கம் சரிந்த கூரையுடைய, கூபே எனப்படும் மின்சாரக் கார்கள் கண்ணில் படத் தொடங்கிவிட்டன. டாடா கர்வ் இவி 2024 ஆகஸ்டில் வந்தது. அதே ஆண்டு நவம்பரில் மஹிந்திராவின் பிஇ 6, எக்ஸ்இவி 9இ இரண்டும் சென்னையில் அறிமுகமாயின. பட்டறையில் நிற்பவன் என்பதால், இந்த வகைக் கார்கள் வாங்கிய சில மாதங்களில் எந்தக் கோலத்தில் வருகின்றன என்று பார்க்கிறேன். தொடக்க காலத்தில் நானும் செய்த பிழைகளே மறுபடி நடக்கின்றன. டயரில் காற்று பார்க்காதது, சார்ஜர் கேபிளை வீட்டில் மறந்தது போன்றவற்றை விட்டுவிடுகிறேன். அவற்றை ஒருமுறை பட்டாலே கற்றுக்கொள்வீர்கள்.

ஓட்டுநர் இருக்கையில் மட்டும் உட்கார்ந்து பார்த்து வாங்குவது

கூரை சரிவது அழகுக்காக மட்டுமல்ல. காற்றுத் தடை குறைந்தால் ஒரே சார்ஜில் கூடுதல் தூரம் போகலாம். ஆனால் அதற்கு இடத்தை விட்டுக்கொடுப்பவர் பின்னால் உட்காருபவர். பேட்டரி காலுக்கு அடியில் பரவியிருப்பதால் தளமும் சற்று உயரும். முழங்கால் மேலே நிற்கும், தொடைக்குத் தாங்கல் குறையும். வீட்டில் உயரமானவரையும், மூட்டு வலியுள்ள பெரியவரையும் அழைத்துப் போய்ப் பின்கதவு வழியாக ஏறி இறங்கச் சொல்லுங்கள். டிக்கியின் லிட்டர் கணக்கிலும் மயங்க வேண்டாம். கர்வில் 500, எக்ஸ்இவி 9இ-யில் 663 லிட்டர், தாராளம்தான். ஆனால் சரிந்த கண்ணாடிக்குக் கீழே உயரமான பொருள் நிற்காது. பாம்பனில் மீன் வாங்கும் தெர்மாகோல் பெட்டியைக் கையோடு கொண்டுபோய் வைத்து, கதவு மூடுகிறதா என்று பாருங்கள்.

பிரேக்கைத் தொடாமலே ஓட்டுவது

இதுதான் எனக்கு இன்றும் ஆத்திரம் வரவழைக்கும் தவறு.

ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்ததும் மோட்டார் ஜெனரேட்டராக மாறி வேகத்தைக் குறைக்கிறது. அந்த ஆற்றல் பேட்டரிக்குத் திரும்புகிறது. ஆற்றல் மீட்பு என்னும் அருமையான வசதி இது. அதை உச்ச அளவில் வைத்துவிட்டால் ஊருக்குள் பிரேக்கை மிதிக்கும் தேவையே குறைந்துவிடும். கடலை விட்டுத் தள்ளியுள்ள ஊர்களில் ஓடும் வண்டிக்கு இதனால் பெரிய கேடில்லை. இங்கே நிலைமை வேறு. வாடைக் காலத்தில் பாக் நீரிணைப் பக்கமும், கச்சான் என்னும் தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் மன்னார் வளைகுடாப் பக்கமும் உப்பு ஈரம் வந்து படிந்தபடியே இருக்கும். சக்கரத்தோடு சுழலும் தட்டான பிரேக் டிஸ்க் பூச்சில்லாத வார்ப்பிரும்பு. அதை அழுத்திப் பிடிக்கும் கட்டையான பேட் உரசி உரசித்தான் அதன் முகம் சுத்தமாகிறது. உரசல் நின்றால் துரு குடியேறும்.

கீழக்கரைத் தம்பி ஒருவர், வளைகுடா நாட்டிலிருந்து திரும்பியவர், "பிரேக்கையே மிதிப்பதில்லை அண்ணே, பேட் ஆயுசுக்கும் வரும்" என்று பெருமையாகச் சொல்லிவிட்டுப் போனார். மழைக்காலம் முடிந்து வந்தபோது பின்சக்கரத்தில் கரகரவென்று சத்தம். வெளிமுகம் ஓரளவு நன்றாகத்தான் இருந்தது. சக்கரத்தைக் கழற்றிப் பார்த்தால் உள்முகம் முழுக்கக் குழி விழுந்திருந்தது. பேட்களைப் பிடித்திருக்கும் காலிப்பர் நகரும் ஊசியும் இறுகிப்போயிருந்தது. பேட் பாதிகூடத் தேயவில்லை. ஆனால் டிஸ்க் இரண்டையும் பேட்களையும் சேர்த்தே மாற்ற வேண்டியதாயிற்று. இவ்வளவும் அவர் மிச்சம் பிடிப்பதாக நினைத்து ஓட்டிய வண்டியில்!

கார் வடிவமைப்பவர்கள் இதை அறிவார்கள். ஃபோக்ஸ்வாகன் தன் ஐடி.4-க்கும், அதன் கூபே வடிவமான ஐடி.5-க்கும் பின்சக்கரத்தில் மூடிய டிரம் பிரேக்கே வைத்தது. மலிவுக்காக என்று பலர் குறை சொன்னார்கள். அடிக்கடி பயன்படாத பிரேக் துருப்பிடிக்கக்கூடாது என்பதும் அதற்கொரு காரணம்.

செய்ய வேண்டியது எளிது. வாரம் ஒருமுறை, பின்னால் யாரும் வராத நேரான சாலையில், ஆற்றல் மீட்பைப் பூஜ்யத்துக்குக் குறைத்துவிட்டு, நடுத்தர வேகத்திலிருந்து நாலைந்து முறை அழுத்தமாகப் பிரேக் பிடியுங்கள். பிறகு கைபேசி வெளிச்சத்தைச் சக்கரக் கம்பிகளுக்கு இடையே அடித்துப் பாருங்கள். டிஸ்க் புதுச் சில்வர் தட்டு போல ஒரே சீராகப் பளபளக்க வேண்டும். ஓரத்தில் பழுப்பு வளையம் அகலமாகிக்கொண்டே வந்தால் உள்முகத்தையும் கழற்றிப் பார்க்கும் நேரம் வந்துவிட்டது.

கழுவுவதிலும் ஒன்று கவனிக்க வேண்டும். எங்கள் பக்கத்துக் கிணற்று நீர் பல இடங்களில் உவர்ப்பு. அதைக் கொண்டு சக்கரத்தைக் கழுவுவது உப்பின் மேல் உப்பைப் பூசுவதுதான். குடிநீரைக் குடம் விலைக்கு வாங்கும் ஊர்களில் கார் முழுவதையும் நல்ல தண்ணீரில் குளிப்பாட்டச் சொல்ல எனக்கு மனம் வராது. சேமித்த மழைநீர் இருந்தால் சக்கரங்களுக்கும் அவற்றின் உட்புற வளைவுகளுக்கும் மட்டும் ஊற்றுங்கள். ஊற்றியதும் நிறுத்திவிடாதீர்கள். கொஞ்ச தூரம் மெல்லப் பிரேக் பிடித்தபடி ஓட்டினால் டிஸ்க் காய்ந்துவிடும். பிரேக் ஆயில் ஈரத்தை இழுக்கும் என்பதால், வண்டிக் கையேட்டில் சொன்ன தவணையில் அதை மாற்றிவிடுங்கள்; குறைவாகத்தான் ஓடியிருக்கிறது என்று தள்ளிப்போட வேண்டாம்.

கடற்கரை மணலில் இறக்குவது

இறக்காதீர்கள். தனுஷ்கோடிக்கு அப்பால் நிலம் முடியும் அரிச்சல்முனை வரை தார்ச்சாலை இருக்கிறது.

விளம்பரத் தூரத்தை நம்பிக் கிளம்புவது

45 கிலோவாட் மணி பேட்டரியுள்ள கர்வுக்கு அறிமுகத்தின்போது சொன்ன சோதனைக் கணக்கு 502 கி.மீ. நடைமுறையில் 330 முதல் 350 வரை என்று நிறுவனமே சொன்னது. மதுரையிலிருந்து ராமேஸ்வரம் ஒருவழி ஏறத்தாழ 170 கி.மீ. போய்த் திரும்பவே கணக்கு இடிக்கிறது, தனுஷ்கோடி, ஏ.சி., எதிர்க்காற்று எல்லாம் அதற்கு மேல். கிளம்பும் முன் வழியில் ஒரு சார்ஜர் அல்ல, இரண்டு பார்த்து வையுங்கள். ஒன்றில் மின்சாரம் இல்லாமல் போகலாம், வரிசையும் நிற்கலாம்.

கண்ணாடிக் கூரையைத் திரையில்லாமல் வெயிலில் நிறுத்துவது

திரையை மூடுங்கள். சித்திரை வெயிலுக்கு வேறு வழியில்லை.

கதவோடு படிந்த கைப்பிடியை நெம்புவது

மணல் ஏறி அடைத்துக்கொண்டால் சாவியை விட்டுக் கிளறுகிறார்கள். பூச்சு பெயர்ந்து, அந்தக் கீறலில் முதலில் துரு வரும். பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் இடுக்கைத் தட்டி, துளி நல்ல தண்ணீர் விட்டுத் துடைத்தால் போதும்.