ஷூ கம்பெனிக்குப் போய்க்கொண்டே குரூப் 4 படிக்கும் பெண்களுக்கு: வீடும் உடம்பும் கெடாமல் படிக்க

குடியாத்தத்தில் கம்பெனி வண்டி ஏறிப் போய், ஆம்பூர் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் அப்பர், அதாவது ஷூவின் மேல்பாகம், தைத்துக்கொண்டிருந்தவள் நான். கல்யாணமாகி இரண்டு பிள்ளைகள் பிறந்த பிறகு டைப்ரைட்டிங் கற்றுக்கொண்டேன், அரசு வேலைக்கான குரூப் 4 தேர்வு எழுதினேன், இப்போது ஓர் அரசு அலுவலகத்தில் தட்டச்சராக இருக்கிறேன். பழைய கம்பெனித் தோழிகளும் தெருப் பெண்களும் எந்தப் புத்தகம் படித்தாய் என்று என்னிடம் அவ்வளவாகக் கேட்பதில்லை. "வூட்ல எப்படிக்கா வுட்டாங்க? உடம்பு எப்படிக்கா தாங்கிச்சு?" என்றுதான் கேட்கிறார்கள். புத்தகம் சொல்ல எத்தனையோ பேர் இருக்கிறார்கள். இந்தக் கேள்விக்கு எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன்.

முதலில் வீட்டில் பேசுங்கள், புத்தகம் அப்புறம்

"படிக்கப்போறேன், கொஞ்சம் ஒத்தாசையா இருங்க" என்று பொதுவாகச் சொல்லாதீர்கள். எல்லாரும் சரி என்பார்கள். என்ன செய்ய வேண்டும் என்று யாருக்கும் தெரியாது. எந்த நேரத்தில் படிப்பீர்கள், அந்த நேரத்து வேலை யார் கைக்குப் போகிறது, இது எந்த மாதம் வரை என்று மூன்றையும் சொல்லுங்கள். அந்த மூன்றாவதுதான் ரொம்ப முக்கியம். எப்போது முடியும் என்று தெரியாத கஷ்டத்தை யாராலும் பொறுக்க முடியாது. மாதம் தெரிந்தால் பல்லைக் கடித்துக்கொண்டாவது இருப்பார்கள். இந்தத் தேர்வை நடத்தும் அரசுப் பணியாளர் தேர்வாணையம் எந்தத் தேர்வு எப்போது என்று ஆண்டுத் திட்டம் வெளியிடுகிறது. டைப்ரைட்டிங் தேர்வு வழக்கமாகப் பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும் வரும். காலண்டரில் வட்டம் போட்டு, எல்லார் கண்ணிலும் படும்படி சமையலறையில் மாட்டிவிடுங்கள்.

மாமியார் கூட இருந்தால் அவரிடம் நீங்களே, தனியாக உட்கார்ந்து சொல்ல வேண்டும். மகன் வாயால் கேட்டால், தன்னைக் கேட்காமலே எல்லாம் முடிவாகிவிட்டது என்று அவருக்குத் தோன்றும். என் அத்தை பீடி சுற்றுகிறவர், பள்ளிக்கூடம் பார்க்காதவர். குரூப் 4 என்றால் அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. இருபத்தைந்து பீடி ஒரு கட்டு, நாற்பது கட்டு சேர்ந்தால் ஆயிரம், ஆயிரத்துக்குத்தான் கூலி என்பது அவருக்கு நன்றாகத் தெரியும். "அத்தை, உங்களுக்கு நாப்பது கட்டு மாதிரி எனக்கு ஒரு நாளைக்கு ரெண்டு பாடம். முடியலன்னா அன்னிக்குக் கூலி இல்ல" என்றேன். அன்றிலிருந்து ராத்திரி படுக்கும் முன் "இன்னாமே, உன் கட்டு முடிஞ்சிச்சா?" என்று கேட்பார். வேறு யார் கேட்டிருந்தாலும் எனக்கு அத்தனை தெம்பு வந்திருக்காது. உங்கள் வீட்டுப் பெரியவர் செய்த வேலையின் கணக்கில் உங்கள் படிப்பைச் சொல்லிப் பாருங்கள். லுங்கி நெய்தவருக்குத் தறிக் கணக்கு, நிலத்தில் பாடுபட்டவருக்குக் காணிக் கணக்கு.

அதற்காக உங்கள் வேலை முழுவதையும் அவர் தலையில் ஏற்றாதீர்கள். நாள் முழுக்கக் குனிந்து பீடி சுற்றுகிற முதுகு அது. வேலையைக் கைமாற்றுவதற்கு முன் எதைக் குறைக்கலாம் என்று பாருங்கள். அரசு தொடக்கப் பள்ளிகளில் ஒன்றாம் வகுப்பிலிருந்து ஐந்தாம் வகுப்பு வரை காலை உணவு தருகிறார்கள். 2023 ஆகஸ்டிலிருந்து மாநிலம் முழுக்க வந்துவிட்டது. பையன் அங்கே சாப்பிட்டதால் காலையில் எனக்கு ஒரு அடுப்பு வேலை மிச்சம். ராத்திரிக்கு ஒரு குழம்பு, அதுவே மறுநாள் டப்பாவுக்கும் என்று வைத்துக்கொண்டோம். இதில் கௌரவக் குறைச்சல் எதுவும் இல்லை.

பணத்தையும் அந்தப் பேச்சிலேயே பேசிவிடுங்கள். படிக்கும்போது ஓ.டி. என்கிற கூடுதல் நேர வேலை பார்க்க முடியாது, கைக்கு வருவது குறையும். அதனால் அந்த வருடம் புதுச் சீட்டு, புதுக் குழுக் கடன் எதிலும் சேராதீர்கள். வாரா வாரம் டியூ கட்டும் நெருக்கடி இருந்தால் படிப்பு மண்டையில் ஏறாது, சண்டைதான் வரும். தேர்வுச் செலவு பெரிதில்லை: ஒருமுறைப் பதிவு 150 ரூபாய், ஐந்து வருடத்துக்குச் செல்லும், குரூப் 4 கட்டணம் 100 ரூபாய், சில பிரிவினருக்கு அதிலும் சலுகை உண்டு. டைப்ரைட்டிங் வகுப்புக்கான மாதக் கட்டணத்தை மகளிர் உரிமைத்தொகை ஆயிரத்திலிருந்து கட்டினேன். வகுப்புக்குப் போக, அரசின் சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது.

வீட்டு நடுவில் உட்கார்ந்து படியுங்கள்

கதவைச் சாத்திக்கொண்டு படிக்கத் தனி அறை நம்மில் எத்தனை பேருக்கு இருக்கிறது? இல்லையே என்று நான் வருத்தப்படவில்லை. இந்தத் தேர்வு வீட்டார் கூடச் சேர்ந்து படிக்கத் தோதான தேர்வு. மொத்தம் 200 கேள்வி, 300 மதிப்பெண், மூன்று மணி நேரம். அதில் 100 கேள்வி தமிழ். தமிழில் 150-க்கு 60 எடுக்காவிட்டால் மற்ற விடைகளைத் திருத்தவே மாட்டார்கள். மீதியில் 75 பொது அறிவு, 25 கணக்கும் திறனறிவும். தமிழுக்கும் பொது அறிவுக்கும் ஆதாரம் ஆறாவதிலிருந்து பத்தாவது, பன்னிரண்டாவது வரையுள்ள பள்ளிப் புத்தகங்கள்தான். அப்போது என் மகள் ஏழாவது. அவள் மனப்பாடச் செய்யுளைச் சத்தமாகச் சொல்வாள், நான் கேட்பேன். பிறகு நான் சொல்ல, அவள் புத்தகத்தை மூடிவைத்துக்கொண்டு திருத்துவாள். அம்மாவுக்கே மார்க் போடுவதில் அவளுக்கு அவ்வளவு சந்தோஷம். அந்த வருடம் அவள் தமிழ் மார்க்கும் ஏறியது.

தனிவட்டி, கூட்டுவட்டியை எனக்குப் புரியவைத்தவர் என் வீட்டுக்காரர். அவர் ஆட்டோ ஓட்டுகிறார், வண்டிக்கு டியூ கட்டியவர். அசல் குறையக் குறைய வட்டி எப்படிக் குறையும், குறைக்காமல் வாங்கினால் எவ்வளவு கூடுதலாகப் போகும் என்று டியூ அட்டையை வைத்தே சொல்லிக்கொடுத்தார். படிப்பு என்றாலே ஒதுங்கிப் போகிறவர், ஒரு கணக்குக்கு விடை சரியாக வந்ததும் தானாகவே அடுத்த கணக்கைக் கேட்டார். வீட்டில் யாருக்கு எது தெரியும் என்று பார்த்து அவரிடம் அதைக் கற்றுக்கொள்ளுங்கள். உங்கள் படிப்பில் தனக்கும் பங்கு இருக்கிறது என்று அவருக்குத் தெரிந்துவிட்டால், டிவி சத்தத்தைக் குறைக்கச் சொல்லி நீங்கள் கெஞ்ச வேண்டியதே இருக்காது.

ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளை வெளியே கூட்டிப்போவதை நிறுத்தாதீர்கள். எங்களுக்கு வேலூர் கோட்டைதான். அகழி ஓரம் நடந்து, ஜலகண்டேஸ்வரரைக் கும்பிட்டு, புல்லில் உட்கார்ந்து புளிசாதம் சாப்பிடுவோம். 1806 ஜூலை 10 விடியும் முன் சிப்பாய்கள் ஆங்கிலேயரை எதிர்த்து இங்கேதான் எழுந்தார்கள். தோல் வைத்த புதுத் தலைப்பாகையைக் கட்டச் சொன்னதும், நெற்றியில் குறி இடக்கூடாது என்றதும் அவர்கள் பொறுக்க முடியாத காரணங்கள். திப்புவின் மகன்களைக் கோட்டைக்குள்தான் வைத்திருந்தார்கள். ஆற்காட்டிலிருந்து ஆங்கிலேயத் தளபதி கில்லெஸ்பி குதிரைப்படையோடு வந்து அன்றைக்கே அடக்கிவிட்டான். பிள்ளைகளுக்கு இதைக் கதையாகச் சொல்லச் சொல்ல எனக்கே பாடம் உறைத்தது. பிள்ளைகளோடு இருந்த நேரம் படிப்புக்கு நஷ்டம் என்று எனக்கு ஒருநாளும் தோன்றவில்லை.

தூக்கத்தில் கை வைக்காதீர்கள்

கம்பெனி வண்டியில் புத்தகத்தை விரித்துக்கொண்டு படிக்கும் பெண்களைப் பார்க்கிறேன். வேண்டாம், தூங்குங்கள். குலுங்குகிற வண்டியில் படித்தால் தலைவலிதான் வரும். நாள் முழுக்கத் தையல் மிஷினில் ஊசிமுனையைப் பார்த்த கண்ணுக்கு அந்த நேரம் ஓய்வு. தூக்கத்தைக் குறைத்துப் படித்த பாடம் அடுத்த வாரம் சரியாக நினைவில் நிற்பதில்லை. ராத்திரி பன்னிரண்டு வரை விழிப்பதைவிட விடியற்காலை எழுவது எனக்கு ஒத்துக்கொண்டது. உங்களுக்கு ராத்திரிதான் சரி என்றால் காலையில் ஒரு மணி நேரம் சேர்த்துத் தூங்க வழி செய்துகொள்ளுங்கள்.

மிஷின் முன் குனிந்து வேலை, அப்புறம் டைப்ரைட்டிங் மிஷின் முன் இன்னொரு மணி நேரம்: கழுத்தும் தோளும்தான் முதலில் மக்கர் செய்யும். இன்ஸ்டிடியூட்டில் நாற்காலி உயரம் சரியில்லை என்றால் கூச்சப்படாமல் கேட்டு மாற்றுங்கள். முழங்கை மடங்கி, மணிக்கட்டு தொங்காமல் இருக்க வேண்டும். டைப்ரைட்டிங் தேர்வில் லோயர் என்கிற கீழ்நிலைக்கு நிமிடத்துக்கு 30 வார்த்தை, ஹையர் என்கிற மேல்நிலைக்கு 45. வலியோடு தட்டுகிற கைக்கு அந்த வேகம் வராது.

எப்போதும் அசதி, படி ஏறினால் மூச்சு வாங்குகிறது என்றால் அதைச் சோம்பல் என்று நினைத்து உங்களையே திட்டிக்கொள்ளாதீர்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் ரத்தம் கொடுத்து ஹீமோகுளோபின் பாருங்கள். நம் பெண்கள் பாதிப் பேருக்கு மேல் ரத்தசோகையோடுதான் ஓடிக்கொண்டிருக்கிறோம். டாக்டர் சத்து மாத்திரை கொடுத்தால் விடாமல் போடுங்கள். அதோடு சேர்த்து டீ குடிக்காதீர்கள், சத்து உடம்பில் சேராது. மாதவிலக்கு நாட்களில் புதுப் பாடம் எடுக்காமல் பழையதைப் புரட்டுங்கள். அக்னி நட்சத்திரம் வந்தால் நம் ஊர் வெயிலில் மத்தியானம் படிப்பது வீண்வேலை. கேழ்வரகுக் கூழோ மோரோ குடித்துவிட்டு ஒரு மணி நேரம் படுங்கள்.

சொந்தபந்தம்

வைகாசி முதல் நாள் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா. குடியாத்தத்தில் அன்று வீடு கொள்ளாத சொந்தம் வரும். அந்த நாட்களில் படிக்கலாம் என்று மனதுக்குள் கணக்குப் போட்டால் வந்தவர்கள் மேல் கோபம் வரும். அது முகத்திலும் தெரியும். திருவிழாவை ஒட்டி மூன்று நாளை முன்பே விடுமுறை என்று எழுதிவிட்டு, நிம்மதியாக அம்மனைப் பாருங்கள், அத்தை மக்களோடு பேசுங்கள்.

கல்யாணம், மஞ்சள் நீர், வளைகாப்பு எல்லாவற்றுக்கும் முழுநாள் போக முடியாது. போக முடியாத வீட்டுக்கு விசேஷத்துக்கு முன்பே நீங்களே போன் செய்யுங்கள். "அண்ணி, பரிச்சை இருக்குது, முகூர்த்தத்துக்கு வந்துட்டு கிளம்பிடுவேன், தப்பா நினைக்காதீங்க" என்று முன்னால் சொன்னால் பாதி மனக்குறை வராது. மொய்யை மட்டும் யாரிடமாவது கொடுத்தனுப்பிவிட்டுப் பேசாமல் இருப்பதுதான் உறவை அறுக்கும். சாவுக்கு மட்டும் எந்தக் காரணமும் சொல்லாதீர்கள். நல்லதுக்குப் போகாவிட்டாலும் கெட்டதுக்குப் போக வேண்டும். நாளைக்கே தேர்வு என்றாலும் ஒரு மாலை போட்டுவிட்டு வந்துவிடுங்கள்.

இனி புருஷன் பெண்சாதி விஷயம். இதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. "படிக்கிறது நீ, வாய மூடிகினு இருக்கறது நானா?" என்று ஒருநாள் அவர் கேட்டார். அதில் கோபத்தைவிட ஏக்கம் அதிகம். அன்றைக்கு ஓர் ஏற்பாடு செய்தோம்: அவர் சவாரி முடித்து வந்த முதல் அரை மணி நேரம் புத்தகமும் போனும் மூடி இருக்கும். டீ போட்டுக்கொண்டு வாசல் படியில் உட்காருவோம். அவர் நாள் எப்படிப் போனது என்று நான் கேட்பேன். படிப்புப் பேச்சு, பணப் பேச்சு இரண்டும் அப்போது கிடையாது. அந்த அரை மணியைக் கடைசி வாரத்தில்கூட நாங்கள் விடவில்லை. நீங்களும் விடாதீர்கள்.

மனசு தளரும் நாட்கள், அப்புறம் காத்திருப்பு

மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்தில் தன்னார்வப் பயிலும் வட்டம் என்று இலவச வகுப்பு நடக்கிறது. அங்கே உங்கள் பக்கத்தில் காலேஜ் முடித்த பிள்ளைகள் உட்கார்ந்திருப்பார்கள், டக்டக்கென்று விடை சொல்வார்கள். அவர்களைப் பார்த்துச் சோர்ந்துபோகாதீர்கள். உங்களைப் போல வேலைக்கும் போய்ப் படிக்கிற ஒருத்தியைத் தேடிப் பிடியுங்கள். "இன்னிக்கு ஒண்ணுமே ஓடலடி" என்று சொல்ல ஒரு ஆள் வேண்டும். அப்படியும் தூக்கம் வராமல், அழுகை அடங்காமல், பிள்ளைகள் மேல் எரிந்துவிழுந்துகொண்டே நாட்கள் போனால் 14416-க்குப் போன் செய்யுங்கள். மனநல உதவிக்கான அரசு எண், இலவசம், தமிழில் பேசுவார்கள். காய்ச்சலுக்கு டாக்டரைப் பார்ப்பதில் என்ன வெட்கம்? இதிலும் இல்லை.

தேர்வு எழுதிய அடுத்த நாளே விடைக்குறிப்பைத் தேடி உட்காராதீர்கள். எனக்காக வேலை சுமந்தவர்களுக்கு அந்த வாரத்தைக் கொடுத்தேன். அத்தையைக் கண் பரிசோதனைக்கு அழைத்துப்போனேன், விட்டுப்போன கல்யாண வீடுகளுக்கு ஒவ்வொன்றாகப் போய்வந்தேன். முடிவு வர மாதக்கணக்கில் ஆகும், அதற்கப்புறம் சான்றிதழ் சரிபார்ப்பு, கலந்தாய்வு. பணி ஆணை கையில் வரும்வரை கம்பெனி வேலையை விடாதீர்கள். "எழுதிட்டேன், கிடைச்சிடும்" என்று சூப்பர்வைசரிடமும் சொல்ல வேண்டாம். பத்தாவது வரை தமிழ் வழியில் படித்திருந்தால் 20 சதவீத இடஒதுக்கீடு உண்டு. அதற்கான சான்றிதழைப் படித்த பள்ளியில் கேட்டு இப்போதே வாங்கிவிடுங்கள். ஒன்றாவது ஒரு பள்ளி, ஆறாவது வேறு பள்ளி என்றால் இரண்டு இடத்திலும் வாங்க வேண்டும், கோடை விடுமுறையில் போனால் அலைச்சல்தான் மிஞ்சும்.