ஆள் வந்தால் ஏறும், போனால் வடியும்: கடற்கரை விழாவுக்கு ஓர் ஒளிக்கம்பம்

மணலில் ஒரு கம்பம். யாராவது அருகே வந்தால் அடியிலிருந்து நீல வெளிச்சம் மெல்ல மேலேறும். அவர் விலகினால் அலை வடிவதுபோல் இறங்கும். சால்டரிங் கொஞ்சம் தெரிந்தால் போதும், ஒரு வார இறுதியில் செய்துவிடலாம்.

படி 1: வாங்க வேண்டியவை

சென்னைக்காரர்களுக்கு ரிச்சி தெருவில் ஒரே நடையில் கிடைத்துவிடும். புரோகிராம் ஏற்றி ஓட்டும் சின்ன போர்டான அர்டுயினோ நானோ, ஒவ்வொரு விளக்கையும் தனித்தனியாக எரியவைக்கக்கூடிய, மீட்டருக்கு 60 விளக்குகள் உள்ள டபிள்யூ.எஸ்.2812பி எல்இடி ஸ்ட்ரிப் ஒரு மீட்டர், 12 வோல்ட் பேட்டரி, அதை 5 வோல்ட்டாகக் குறைக்கும் பக் கன்வெர்ட்டர், 330 ஓம் ரெசிஸ்டர், 1000 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர். ஆள் எவ்வளவு தூரத்தில் இருக்கிறார் என்று ஒலியை அனுப்பி அளக்கும் அல்ட்ராசானிக் சென்சாரும் வேண்டும். அதில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். இரண்டு கண் திறந்திருக்கும் மலிவான சென்சார் உப்புக்காற்றுக்குத் தாங்காது. கார் பம்பரில் இருக்குமே, அந்த மாதிரி தண்ணீர் புகாததைக் கேளுங்கள்.

ஈர மணலில் 230 வோல்ட் வயர் இழுக்கவே கூடாது. பேட்டரி அதற்காகத்தான்.

படி 2: இணைப்பு

முதலில் மல்டிமீட்டர் வைத்து கன்வெர்ட்டரை 5 வோல்ட்டுக்குத் திருகி வையுங்கள். பார்க்காமல் மாட்டி நான் ஒரு மீட்டர் ஸ்ட்ரிப்பைக் காலி பண்ணியிருக்கிறேன். கெப்பாசிட்டரை ஸ்ட்ரிப்பின் பிளஸ், மைனஸுக்குக் குறுக்கே, முனை மாறாமல் வையுங்கள். ரெசிஸ்டர் டேட்டா வயரில். ஸ்ட்ரிப்பில் அச்சிட்ட அம்புக்குறி எந்தப் பக்கம் பார்க்கிறதோ, டேட்டா அந்தத் திசையில்தான் ஓடும். நானோ, ஸ்ட்ரிப், சென்சார் மூன்றின் கிரவுண்டும் (மைனஸ் வயர்) ஒன்றாகச் சேர வேண்டும். சேராவிட்டால் விளக்குகள் பேய் பிடித்தது மாதிரி நிறம் மாறும்.

ஒரு விளக்கு முழு வெள்ளையில் 60 மில்லியாம்பியர் வரை இழுக்கும். 60 விளக்குக்கு 3.6 ஆம்பியர். அதனால் 5 ஆம்பியர் தாங்கும் கன்வெர்ட்டராகப் பாருங்கள். புரோகிராமிலும் வெளிச்சத்தை மூன்றில் ஒரு பங்காகக் குறைத்துவிடுங்கள். இருட்டில் அதுவே ஜாஸ்தி.

படி 3: புரோகிராம்

இந்த விளக்குகளை இயக்கத் தயாராக எழுதி வைத்திருக்கும் ஃபாஸ்ட்எல்இடி லைப்ரரியைச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒலி போய்த் திரும்பும் நேரத்தை மைக்ரோ விநாடியில் அளந்து 58-ஆல் வகுத்தால் தூரம் சென்டிமீட்டரில் வரும். 150 சென்டிமீட்டரில் ஒன்றும் எரியாது, 30-இல் 60 விளக்கும் எரியும். இடைப்பட்டதைக் கணக்கிட மேப் கட்டளை இருக்கிறது.

இதை அப்படியே ஓட்டினால் வெளிச்சம் வெட்டி வெட்டிக் குதிக்கும். இங்கேதான் உயிர் இருக்கிறது: ஒவ்வொரு சுற்றிலும், இப்போதுள்ள உயரத்துக்கும் போக வேண்டிய உயரத்துக்கும் உள்ள வித்தியாசத்தில் பத்தில் ஒரு பங்கு மட்டும் நகர்த்துங்கள். இறங்கும்போது முப்பதில் ஒரு பங்கு. விரைந்து ஏறி, தயங்கி வடியும். இந்த இரண்டு எண்களோடு ஒரு மணி நேரம் விளையாடினாலும் வீணில்லை.

படி 4: நடுவது

சவுக்குக் கம்பே நல்லது. ஈர மணல் தட்டும்வரை தோண்டி, நட்டு, தண்ணீர் ஊற்றி மிதியுங்கள். சென்சாரை 70 சென்டிமீட்டர் உயரத்தில் கட்டுங்கள். முதல் தடவை என் இடுப்பளவில் கட்டிவிட்டேன். ஒரு சின்னப் பெண் கம்பத்தின் முன்னால் நின்று கையை ஆட்டு ஆட்டென்று ஆட்டினாள், ஒன்றும் எரியவில்லை. "கெட்டுப்போச்சு அங்கிள்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். அவள் தலைக்கு மேலே அல்லவா சென்சார் பார்த்துக்கொண்டிருந்தது!

சால்டர் செய்த ஒவ்வொரு இடத்திலும் சூடு காட்டினால் சுருங்கி இறுகும் ஹீட் ஷ்ரிங்க் குழாய் போட்டு மூடுங்கள். உப்புக்காற்றில் செம்பு சீக்கிரமே பச்சைக் களிம்பு பிடித்துவிடும். நானோவும் கன்வெர்ட்டரும் மூடி இறுகிய டப்பாவுக்குள், மணலுக்கு மேலே.

படி 5: எப்போது, எந்தப் பக்கம்

சென்னைக் கரையில் ஜனவரி முதல் மார்ச் வரை பங்குனி ஆமைகள் முட்டையிட வரும். அடுத்த சில வாரங்களில் குஞ்சுகள் வெளிவரும். வெளிச்சமான திசைதான் கடல் என்று நம்பி அவை ஊர்ந்து போகும். உங்கள் கம்பம் எரிந்தால் அங்கேதான் வரும். அந்த மாதங்களிலும், குஞ்சுகள் வெளிவந்து முடியும்வரையும் மணலில் கம்பம் நடவே வேண்டாம், சாலையோர நடைபாதைக்கு நகர்த்திவிடுங்கள். மற்ற மாதங்களிலும் ஸ்ட்ரிப் ஊரைப் பார்த்தபடி இருக்கட்டும். கூட்டம் கலைந்ததும் பேட்டரியைக் கழற்றி, கம்பத்தைப் பிடுங்கி, குழியை மூடிவிட்டுக் கிளம்புங்கள்.