பவர் ஏர் ஃபில்டர்: வாங்கும்போதும் பராமரிக்கும்போதும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

காட்பாடி சாலையில் உள்ள எங்கள் ஒர்க்ஷாப்புக்குச் சென்ற மாதம் ஓர் இளைஞர் வந்தார். ஏறத்தாழ ஒரு வருடத்துக்கு முன் பல ஆயிரம் ரூபாய் கொடுத்து வாங்கிய, 'பவர் ஏர் ஃபில்டர்' என்று விற்கப்படும், கழுவித் திரும்பப் பயன்படுத்தும் பருத்தி ஏர் ஃபில்டரைக் கையில் ஏந்தியபடி, "அண்ணா, இரண்டாம் தடவையாகக் கழுவிக் காய வைத்துவிட்டேன், மாட்டிக் கொடுங்கள்" என்றார். அது செந்நிறம் போய் வெளுத்து, தொட்டால் வெறும் துணி போல உலர்ந்திருந்தது. 2014-இல் என் சொந்தக் காரில் நான் செய்த தவறு அப்படியே என் முன்னால் வந்து நின்றது போலிருந்தது. அதனால்தான் இதை எழுதுகிறேன். ஃபில்டரைத் திருப்பி மாட்டுவது, பாக்ஸ் கிளிப்பைப் போட மறப்பது போன்றவற்றை ஒரு தடவை பட்டாலே எவரும் திருத்திக்கொள்வார்கள் என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன்.

பிக்கப்பும் மைலேஜும் கூடும் என்று நம்பி வாங்குவது

டர்போ (காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் கருவி) இல்லாத 1.2 லிட்டர் எஞ்சின் 6,000 ஆர்.பி.எம். (நிமிடத்துக்கு இத்தனை சுற்று) வேகத்தில் சுழலும்போது நிமிடத்துக்கு அதிகபட்சம் 3,600 லிட்டர் அளவுக்குக் காற்றை இழுக்கும். கம்பெனி பொருத்தித் தரும் காகித ஃபில்டர் அந்த அளவையும் கணக்கில் வைத்துச் செய்யப்பட்டதுதான். வேலூர் கிரீன் சர்க்கிள் நெரிசலில் 2,000 ஆர்.பி.எம்.-இல் ஊர்ந்து போகும்போது எஞ்சினுக்குத் தேவைப்படுவது அதில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. பெட்ரோல் காரில் அதையும் ஆக்சிலேட்டருக்கு ஏற்பக் காற்று வழியைத் திறந்து மூடும் த்ராட்டில் தகடு பாதி மூடியிருந்து தடுத்துக்கொண்டிருக்கிறது. திருகைப் பாதி மூடி வைத்துக்கொண்டு, குழாயில் தண்ணீர் வேகமாக வரவில்லை என்று மாடித் தொட்டியைப் பெரிதாக்குவதால் என்ன பயன்?

மைலேஜும் அப்படித்தான். 1 கிராம் பெட்ரோல் முழுமையாக எரிய ஏறத்தாழ 14.7 கிராம் காற்று வேண்டும். உள்ளே வரும் காற்றுக்கு ஏற்ப எரிபொருளைக் கூட்டிக் குறைக்கும் வேலையைக் காரின் கணினி பார்த்துக்கொள்கிறது. அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வகம் 2009-இல் வெளியிட்ட ஆய்வில், இத்தகைய பெட்ரோல் கார்களில் அடைபட்ட ஃபில்டர்கூட மைலேஜைக் குறிப்பிடும்படி குறைக்கவில்லை. முழு ஆக்சிலேட்டரில் வேகம் எடுப்பதுதான் மந்தமானது. அடைபட்ட ஃபில்டரே மைலேஜைக் குறைக்காதபோது, நல்ல காகித ஃபில்டரை எடுத்துவிட்டு வேறொன்றை மாட்டுவதால் அது கூடிவிடாது.

ஓசையைச் சக்தி என்று எண்ணுவது

கூடுவது உறிஞ்சும் சத்தம் மட்டுமே.

பாக்ஸைக் கழற்றிவிட்டுக் கோன் ஃபில்டர் மாட்டுவது

மே மாதத்தில் வேலூரில் நிழலிலேயே 40 டிகிரி அடிக்கிறது. ஃபில்டர் இருக்கும் கம்பெனி பாக்ஸின் மூக்குக் குழாய் முன் கிரில் பக்கமிருந்து வெளிக்காற்றை எடுக்கும்; மறைப்பில்லாத, கூம்பு வடிவக் கோன் ஃபில்டரோ பானெட்டுக்குள் வெந்துகிடக்கும் காற்றை எடுக்கும். உள்ளே 60 டிகிரி இருந்தால் அந்தக் காற்றின் அடர்த்தி ஏறத்தாழ 6 சதவீதம் குறைவு. பணம் கொடுத்துச் சக்தியைக் குறைத்துக்கொள்வது இதுதான்.

கழுவி மாட்டினால் போதும் என்று நினைப்பது

இதை நினைத்தால் எனக்கு இன்றும் கோபம் வருகிறது. பருத்தி ஃபில்டரின் இழைகளுக்கு இடையே உள்ள துளைகள் காகிதத்தின் துளைகளைவிடப் பெரியவை; அவற்றின் வழியே போகும் நுண்தூசியைப் பிடித்து வைப்பது துணியில் ஊறியிருக்கும் பிசுபிசுப்பான எண்ணெய்தான். கழுவும்போது அழுக்கோடு அந்த எண்ணெயும் போய்விடுகிறது. மறுபடி எண்ணெய் இடாமல் மாட்டினால் எஞ்சினின் வாயில் வலைத்துணியைக் கட்டியதற்குச் சமம்.

நம் பக்கத்துத் தூசி சாதாரணமானதன்று. பாலாற்று மணலிலும் கல்குவாரித் தூளிலும் இருப்பது குவார்ட்ஸ். கனிமங்களின் கடினத்தை 1 முதல் 10 வரை குறிக்கும் மோஸ் அளவில் அதன் கடினம் 7. சிலிண்டர் சுவரைக் கீற அது தாராளமாகப் போதும்.

2014 கோடையில், எண்ணெய் பாட்டிலுக்குத் தனியாகப் பணம் கொடுக்க மனமில்லாமல், ஃபில்டரைக் கழுவி மொட்டை மாடியில் காய வைத்து மாட்டிக்கொண்டு, காட்பாடிக்கும் குடியாத்தத்துக்கும் இடையே மணல் லாரிகளின் பின்னால் நாள்தோறும் ஓட்டினேன். ஓராண்டில் டிப்ஸ்டிக்கில் ஆயில் மட்டம் இறங்கத் தொடங்கியது. காலையில் ஸ்டார்ட் செய்தால் நீலப் புகை வந்தது. ஆயில் தரமில்லை என்று நினைத்து அதை மாற்றினேன். வால்வ் சீலையும் மாற்றினேன். கடைசியில் ஹெட்டைத் திறந்தபோது, சிலிண்டர் சுவரில் மேலிருந்து கீழாக ஓடிய கீறல்கள் நகத்தில் தட்டுப்பட்டன. சிலிண்டரைக் கடைந்து (போரிங் செய்து), பிஸ்டனும் ரிங்கும் மாற்றி முடித்த செலவில் அந்தக் காரின் ஆயுளுக்கும் காகித ஃபில்டர் வாங்கியிருக்கலாம்.

அந்தப் பயத்தில், அடுத்து வந்த ஒருவருடைய டீசல் காரின் ஃபில்டருக்குச் சொட்டச் சொட்ட எண்ணெய் ஊற்றினேன். காற்றை அளக்கும் சென்சாரின் மெல்லிய சூட்டுப் படலத்தில் எண்ணெய் படிந்து, அதன் மேல் தூசி ஒட்டி, அளவு தவறி, ஒரே வாரத்தில் எஞ்சின் விளக்கு எரிந்தது. வண்டி இழுக்கவே இல்லை. புது சென்சாரை என் செலவில் வாங்கிப் போட்டேன். காற்றை இப்படி அளக்காமல் அழுத்தத்தை மட்டும் அளக்கும் கார்களில் இந்தத் தொல்லை குறைவு.

ஆகவே, இந்த ஃபில்டருக்கென்றே விற்கும் எண்ணெயை மடிப்புக்கு ஒரு கோடாக இட்டு, இருபது நிமிடம் ஊற விட்டு, வெளுத்துத் தெரியும் இடத்தில் மட்டும் இன்னொரு முறை தொட்டு விட வேண்டும். எஞ்சின் ஆயில் இதற்கு உதவாது.

கம்ப்ரசரால் ஊதுவது

ஊதாதீர்கள். காகிதம் கிழியும்; பருத்தி இழை விலகும்.

யாருக்குத்தான் தேவை?

டர்போ காரை ரீமேப் செய்தவருக்கும் (சக்தி கூட்ட அதன் கணினி அமைப்பை மாற்றியவருக்கும்), இருங்காட்டுக்கோட்டை ரேஸ் தடத்தில் ஓட்டுபவருக்கும், ஒவ்வொரு முறையும் பொறுமையாக எண்ணெய் இடத் தயாராக இருந்தால், இது பொருந்தும். மற்றவர்கள் காகித ஃபில்டரையே வைத்துக்கொண்டு, தூசிச் சாலையில் ஓடும் வண்டியானால் புத்தகத்தில் சொன்ன காலத்துக்கு முன்பே மாற்றிவிடலாம்.

அந்த இளைஞரின் காரில் ஃபில்டருக்கு அப்பால் உள்ள குழாயின் உட்புறத்தை ஒரு வெள்ளைத் துணியால் துடைத்தேன். துணியில் இளம் காவி நிறத்தில் ஒரு கோடு விழுந்தது. விரல்களுக்கு இடையே தேய்த்தபோது நறநறவென்றது. அவரையும் தேய்த்துப் பார்க்கச் சொன்னேன். காகித ஃபில்டரை மாட்டி, ஆயில் மட்டத்தைக் குறித்துக் கொடுத்து, 1,000 கிலோமீட்டர் ஓடியதும் டிப்ஸ்டிக்கைக் காட்ட வரச் சொல்லியிருக்கிறேன்.